எண்ணெய் வாசனை

கிர்கிஸ் வீடுகளில் செத்தவர்களை நினைத்து எண்ணெய் காயவைப்போம். அதில் பொரியும் போர்சோக் மாவுத்துண்டுகளை நாங்கள் தின்போம். வாசனை அவர்களுக்குப் போய்ச் சேரும்.

முதியோர் மலையேற்ற முகாமுக்குத் தொண்டு செய்யப் போனபோது, அடுப்படிப் பொறுப்பு என்னிடம் வந்தது. துராடலி பெரியவர்மேல்தான் எனக்குச் சந்தேகம். தட்டையே தொடமாட்டார். நான் போர்சோக் பொரிக்கும்போது மட்டும் வாணலியருகே நின்று மூச்சை இழுப்பார்.

"ஒண்ணாவது சாப்பிடுங்க ஐயா."

"வயிறு நெறஞ்சிருச்சும்மா."

என்னோடு தொண்டு செய்யவந்த நூர்ஜமால் சிரித்தாள். "பல்லில்லாத கெழவனப் பாத்தா உனக்குப் பேயாத் தெரியுதா? நாளைக்கு ஒரே கயித்துல அவரோடதான்டி ஏறப்போற."

மறுநாள் பனிச்சரிவில் ஓரிடத்தில் சறுக்கி விழுந்தேன். கயிறு இறுகித் தளர்ந்தது. எவ்வளவு நேரம் கிடந்தேனோ, எழுந்து பனியைத் தட்டிக்கொண்டேன்; எங்கேயும் வலிக்கவில்லை. பசி மட்டும் வயிற்றைக் கிள்ளியது. பையிலிருந்து ரொட்டியை எடுத்தேன். ஏனோ வாயில் வைக்கப் பிடிக்கவில்லை.

பெரியவர் மூக்கை உயர்த்தினார். "வாசனை வருதா?"

வந்தது. லேசாகத் தீய்ந்த எண்ணெய். ஊரிலிருக்கும் எங்கள் அம்மா வாணலி வைத்தால் மட்டும்தான் அப்படித் தீயும்.

"இது எனக்கு இல்லம்மா," என்றார்.

என் பசி அடங்கிவிட்டது.