அன்னம்மாள் சபை ஆட்டுக்கறி

"அகப்பையைக் கீழ போடு செசிலி! நக்கினே, கையை ஒடிச்சிருவேன்!"

மதலேனம்மா போட்ட சத்தத்தில் கோயிலுக்குப் பின்னால் சமைத்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாத்தளைக் கத்தோலிக்கப் பெண்களின் அன்னம்மாள் சபைக்கு அவள்தான் தலைவி. செசிலி சும்மா கறியைக் கிண்டத்தான் போனாளாம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தள்ளி நின்றாள்.

தலைவிக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? அன்றைக்குச் சபையின் ஆண்டு விழா. பூசையில் சபையார் எல்லோரும் ஒன்றாக, சுவாமியார் நாக்கில் வைக்கும் நன்மை அப்பத்தை வாங்க வேண்டும். வாங்குகிறவர்கள் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நாக்குக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை.

பூசை முடிந்த கையோடு பந்தி. சமைக்கிறவர்கள் எல்லோரும் பட்டினி. அண்டா நிறைய ஆட்டுக்கறி கொதிக்கிறது, உப்புப் பார்க்க ஆள் இல்லை.

போன வருஷமும் இப்படித்தான். மதலேனம்மா கண் அளவில் உப்பைப் போட்டு இறக்கினாள். விருந்துக்கு வந்த தம்புள்ளைச் சபையார் ஒரு வாய் வைத்தார்கள். அப்புறம் ஊருக்குப் போகும்வரை கிணற்றடியை விட்டு நகரவில்லை. "மாத்தளையில கடல் இருக்குதுன்னு இத்தனை நாளாத் தெரியாமப் போச்சே" என்று அவர்களுடைய தலைவி சொல்லிவிட்டுப் போனதை நினைத்தால் மதலேனம்மாவுக்கு இன்னும் சோறு இறங்காது.

அதே ஆட்கள்தான் இன்றைக்கும் வருகிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு தலைவி தேர்தல் வேறு. எதிர்த்து நிற்பது செசிலி. இந்தக் கறியும் கெட்டால் பதவியும் போச்சு, மானமும் போச்சு.

விறகு கொண்டுவந்த கிருஷ்ணம்மாவை உப்புப் பார்க்கக் கூப்பிட்டாள் மதலேனம்மா.

"ஆடி மாசம் பூரா கவுச்சி தொடமாட்டேங்க. மாரியாத்தாளுக்கு நேந்திருக்கேன்."

அண்டாவை இரவல் கொடுத்த அடுத்த வீட்டு ஆஸியா வேலியோரம் நின்றுகொண்டிருந்தாள். மதலேனம்மா அவளிடம் போனாள். "தங்கச்சி, ஒரு சொட்டு வாயில விட்டுப் பாத்துச் சொல்லேன்."

"யா அல்லாஹ்! ரமழான் நோன்போட நிக்கிற என்னயப் போய்க் கேக்குறீங்களே அக்கா!"

மூன்று வேதத்துக்காரர்களும் ஒரே நாளில் வாயைக் கட்டிக்கொண்டால் ஆட்டுக்கறி பாவம், என்னதான் செய்யும்?

பூசைக்கு மணி அடித்தது. "நீங்க எல்லாரும் போங்க. நான் தணலைத் தள்ளி வச்சிட்டு வாறேன்" என்றாள் மதலேனம்மா. அவள் கோயிலுக்குள் நுழைந்தபோது சுவாமியார் பிரசங்கத்தையே தொடங்கியிருந்தார்.

நன்மை நேரம் வந்தது. கழுத்தில் நீல ரிப்பனும் சுரூபப் பதக்கமுமாகச் சபையார் எழுந்து போய், பீடத்துக்கு முன்னால் இருந்த கிராதியில் முழங்காலிட்டு ஒவ்வொருத்தியாக நாக்கை நீட்டினார்கள். வரிசைக்கு முன்னால் போக வேண்டிய தலைவி மட்டும் இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. குனிந்த தலை நிமிரவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

பின்வரிசையில் குசுகுசுப்பு கிளம்பிவிட்டது.

"ஆண்டு விழாவும் அதுவுமா நன்மை வாங்கலியே! என்ன பாவமோ?"

"யாரு மேலயோ தீராத கோபமாயிருக்கும். மனசுல பகையை வச்சுக்கிட்டு எப்படி வாங்குறது?"

திரும்பி வந்துகொண்டிருந்த செசிலியின் காதில் அது விழுந்தது. அவள் முகம் வெளிறிவிட்டது.

பந்தி தொடங்கியது. தம்புள்ளைத் தலைவி கறியைத் தொட்டு, யோசித்து, பயந்து பயந்து ஒரு வாய் வைத்தாள். மதலேனம்மா கறி வாளியோடு பக்கத்திலேயே நின்றாள்.

"இன்னுங் கொஞ்சம் போடுங்க. உப்புன்னா இதுல்ல உப்பு!"

அப்புறம் என்ன, அண்டா காலியாகத் தொடங்கியது. ஆசீர்வதிக்க வந்த சுவாமியாரே இரண்டாம் முறை கறி வாங்கினார். "மறுபடியும் இவங்களையே தலைவியாப் போடுங்க" என்று தம்புள்ளைக்காரிகள் சிபாரிசு செய்தார்கள்.

"அதெப்படி?" என்று பந்தியின் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "நன்மை வாங்காதவங்களைத் தலைவியா வச்சுக்கலாமா, சாமி?"

மதலேனம்மா தலையைக் குனிந்துகொண்டாள். சட்டென்று செசிலி எழுந்து நின்றாள்.

"அக்காவை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க! எல்லாம் என்னாலதான். போன வருஷம் அக்கா உப்புப் போட்ட பெறகு, பொறாமையில இன்னும் ரெண்டு கை அள்ளிப் போட்டது நாந்தான்! அது அக்காவுக்குத் தெரிஞ்சிருச்சு. அந்தக் கோபத்துலதான் நன்மை வாங்காம இருந்துட்டாங்க. என்னய மன்னிச்சிருங்க அக்கா. எனக்குத் தலைவி வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்!"

விசும்பிக்கொண்டே மதலேனம்மாவைக் கட்டிப் பிடித்தாள். மதலேனம்மா கறி வாளியோடு திகைத்து நின்றாள்.

"அடிப் பாவி! நீதானா அது? எனக்கு இப்பத்தானடி தெரியும்!"

செசிலி வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் சிரித்தது மதலேனம்மாதான். பிறகு பந்தியே குலுங்கியது. சுவாமியாருக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை.

"அப்ப நீ ஏன் நன்மை வாங்க வரல, மதலேனா?"

மதலேனம்மா வாளியைக் கீழே வைத்தாள்.

"உப்புப் பாத்த நாக்கை உங்க முன்னால எப்படி நீட்டுவேன், சாமி?"