ராயப்பராஜ் வாத்தியாரின் முதுகுவலி

“நாலாவது கணுவுக்கும் அஞ்சாவது கணுவுக்கும் நடுவுல டிஸ்க் தேஞ்சு, மேலயும் கீழயும் இருக்கிற எலும்புத் தகடு புண்ணாப் போச்சாம். எண்ட் பிளேட்டுன்னு பேரு.”

ஓய்வுபெற்ற வாத்தியார் ராயப்பராஜ், எம்.ஆர்.ஐ. படத்தின் மேல்மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். மருமகள் ஐரினைத் துணைக்கு அழைத்துப்போய் எடுத்து வந்த படம்.

“சோத்துப் பிளேட்டுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்றாள் மனைவி ஜெயமேரி.

கேட்டாளே தவிர, கேட்ட கையோடு பலகைக் கட்டிலைத் துடைத்துப் போட்டாள். புருஷன் முதுகாயிற்றே! போன மாதம் ஐரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, “இருவத்தெட்டு வயசுல வலியா? நானெல்லாம் நெறமாசத்துல ரெண்டு கொடம் சொமந்தவ” என்று ஒரே வாக்கியத்தில் வைத்தியத்தை முடித்தவளும் இவளே.

மறுநாள் முதல் கட்டிலில் தர்பார் நடந்தது.

“இந்தா ஜெயமேரி, படுத்துக்கிட்டுப் பேப்பர் படிச்சா எனக்குக் கழுத்தும் போயிரும். ஐரின் பக்கத்துல இருந்து படிச்சுக் காட்டட்டும்.”

“அப்பத் தண்ணி யாரு தூக்குறது?”

“அமலன் தூக்கட்டும். பெத்த மகன்தான?”

அமலனும், அதிசயமாக, மறுபேச்சின்றிக் குடத்தை எடுத்தான்.

“இடுப்பொடிஞ்ச கோழிக்கு உரல்குழியே மோட்சம்பாக. எங்க வீட்டுக் கோழிக்குச் செய்தி வாசிக்க ஆளு வேற!” என்று குழாயடி முழுவதும் சொல்லிச் சிரித்தாள் ஜெயமேரி.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் புறப்பட்டவள், ஜெபமாலையை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினாள். கொல்லைப்புறமாக வந்தவளின் கால்கள் ஜன்னலோரம் நின்றுவிட்டன.

ராயப்பராஜ் தோளில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தார். பலகைக் கட்டிலில் ஐரின் மல்லாந்து படுத்திருந்தாள். அவருடைய இடுப்புப் பட்டை அவள் இடுப்பில்.

“அத்தைக்குத் தெரிஞ்சா என்ன மாமா செய்றது?”

“படத்துல ஒன் பேரு இருக்கிற எடத்துலதான என் கட்டவெரல வச்சு மறச்சேன்! புருசன் முதுகுன்னா அவளுக்குத் தங்கம். மருமக முதுகுன்னா தகரம். ஒன் எலும்பு தேறுற வரைக்கும் நான்தான் நோயாளி.”

ஜெயமேரி ஓசையில்லாமல் ஜன்னலை விட்டு நகர்ந்தாள்.

வந்த வழியே தெருவுக்குப் போனாள். இரும்புக் கதவை ஊருக்கே கேட்கும்படி அறைந்து சாத்தினாள். போதாதென்று இரண்டு முறை இருமினாள்.

அவள் உள்ளே நுழைந்தபோது, கட்டிலில் முறைப்படி முனகல் தொடங்கியிருந்தது. ஐரின் முக்காலியில் அமர்ந்து செய்தித்தாளை விரித்திருந்தாள்.

“அதுக்குள்ளயா பூசை முடிஞ்சிருச்சு?” என்றார் ராயப்பராஜ், ஈனமான குரலில்.

“எனக்கு வழியிலயே பிரசங்கம் கெடச்சிருச்சு” என்ற ஜெயமேரி, தன் தலையணையைத் தட்டிப் போட்டாள்.

“ஏத்தா ஐரினு, உக்காந்து படிச்சா இடுப்பு போயிரும். என் கட்டில்ல படுத்துக்கிட்டே படி. ஒங்க மாமாவுக்கு முதுகுதான் போச்சு. காது நல்லாக் கேக்கும்.”