நான்காவது ஸ்பீக்கர்

மே மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மாலை, நகர நூலகத்தின் மாடிக் கூடத்தில், நிகழ்ச்சி தொடங்கிய சற்று நேரத்தில் நான்கு ஸ்பீக்கர்களில் ஒன்று நின்றுபோனது.

முன்வரிசையில் இருந்த அம்மா அதைக் கவனிக்கவில்லை. அவள் கவனமெல்லாம் பின்னால் இருந்தது.

கடைசி வரிசையில், கதவோர நாற்காலியில், அவள் கணவர்.

குடும்பத்தில் அவருக்கு 'இடைவேளை' என்று பெயர். எந்த விசேஷத்திலும் பாதிக்கு மேல் இருந்ததில்லை. தன் கல்யாண வரவேற்பிலேயே, பாட்டு ஆரம்பித்ததும் காணாமல் போனவரை வண்டி நிறுத்துமிடத்தில் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தார்கள். மகளின் பள்ளி ஆண்டுவிழாக்களில் அவர் முழுதாகக் கேட்டது வரவேற்புரை மட்டும்.

கேட்டால், "சும்மா காத்தாட நின்னேன்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது.

திமிர் என்றார்கள் அவள் வீட்டில். பாசமில்லை என்று நினைத்துவிடாமல் இருக்க அவள் பாடுபட்டாள்.

இன்றைக்கும் எழுந்து போனால், இனி எதற்கும் கூப்பிடுவதில்லை. காலையிலேயே முடிவு செய்துவிட்டாள்.

"என்னக்கா, இடைவேளை விட்டாச்சா?" பக்கத்தில் இருந்த தம்பி காதைக் கடித்தான்.

"வாய மூடிட்டு மேடையைப் பாருடா."

கோடை முழுக்கக் கணினியும் இசையும் சொல்லித்தந்த வகுப்பின் நிறைவு நாள் அது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளைகள், டாக்டர்கள் எந்தப் பெயரும் வைக்காத பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே வகுப்பு. மேடையில் ஒருவன் வாளியைத் தட்டினால் டிரம் அதிர்ந்தது. ஒருத்தி குடையை விரித்தால் மழை பெய்தது. சென்சார் ஒட்டியதும் அதற்குக் கணினியில் கட்டளை எழுதியதும் பிள்ளைகள்தான்.

மகள் மேடையில் இல்லை. மேடைக்குக் கீழே, அம்மாவுக்குக் கைக்கெட்டும் தூரத்தில், ஒவ்வொரு ஸ்பீக்கரின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் மிக்சர் மேசையில் இருந்தாள். காதில் பெரிய காதடைப்பான்.

சத்தமே ஆகாத பெண்ணைப் போய் சத்தத்துக்குக் காவல் வைத்திருக்கிறார்களே என்று முதல் வாரம் அம்மா பதறினாள். வகுப்பின் ஒலிப் பொறியாளர், பிள்ளைகளுக்கு 'சவுண்டக்கா', சிரித்தாள். "எது ஓவர்னு எங்களுக்கு முன்னாடி அவளுக்குத்தாங்க தெரியுது."

வாளிக்காரன் வெளுத்துக் கட்ட ஆரம்பித்தான். அம்மா திரும்பிப் பார்த்தாள்.

கணவர் பாதி எழுந்திருந்தார். கை கதவின் பிடியில் இருந்தது.

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போகட்டும்.

அப்போதுதான் சவுண்டக்கா குனிந்தபடியே மேசைக்கு ஓடிவந்தாள்.

"கதவுப் பக்கத்து ஸ்பீக்கர் செத்துப்போச்சு. வயர் கழண்டிருக்கும், பார்த்துட்டு வந்துடறேன்."

மகள் மேசையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வயர் நல்லாத்தான் இருக்கு. நான்தான் குறைச்சேன். அங்க அப்பா இருக்கார்."

சவுண்டக்கா நின்றாள். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

வீட்டில் மிக்ஸி போடும்முன் அம்மா ஒரு குரல் கொடுப்பாள். உடனே அப்பாவும் மகளும் பால்கனிக்குப் போய் நின்றுகொள்வார்கள். இத்தனை வருஷமும், மகளுக்குத் துணையாகப் போகிறார் என்றுதான் நினைத்திருந்தாள்.

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கக்கா போற?" என்றான் தம்பி.

பின்னால், கணவர் மறுபடி உட்கார்ந்திருந்தார். கை கதவை விட்டு முழங்காலுக்கு வந்திருந்தது. ஒரு விரல் மட்டும் வாளியோடு சேர்ந்து தட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அங்கே பாட்டு, அடுத்த அறையில் யாரோ பாடுவதுபோல் இதமாகக் கேட்டது.

"நல்லா வாசிக்கிறான்ல?" என்றார்.

ஒரு பாட்டைப் பற்றி அவர் அபிப்பிராயம் சொல்லி அவள் கேட்டதில்லை.

முடிவில் யாரும் கைதட்டவில்லை. அந்த வகுப்பின் வழக்கப்படி எல்லோரும் இரண்டு கைகளையும் மேலே தூக்கி ஆட்டினார்கள். முதலில் உயர்ந்த கைகள் கதவோரத்தில் இருந்தன.

நிகழ்ச்சி ஆறு மணிக்கு முடிந்தது. இடைவேளை விடப்படவில்லை.