ஹொஸ்டலில் ஒன்பது கிழமை

"இண்டையிலயிருந்து நீ ஹொஸ்டலில நில். சோதினை முடியுமட்டும் இந்த வீட்டுப் படி ஏறாத."

நிரோஷினியின் உடுப்புப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டுத்தான் மாமி இதைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். ஓர்ஸ் ஹில் ஒழுங்கையில் பாதிச் சனம் வெளியே நிற்கிற நேரம். மாமி குரலைத் தணிக்கவும் இல்லை.

"பிள்ளை, மாமி?"

"பிள்ளை இஞ்ச நிக்கும். அது என்ர மகன்ர பிள்ளை."

நடந்தது இவ்வளவுதான். நிரோஷினி தாதியர் கல்லூரியில் கடைசி வருசம். அன்றும் விடிய ஆறு மணிக்கே வார்டுப் பயிற்சிக்குப் போய், பகல் வந்து, சமைத்து, தோய்த்து, ஒன்றரை வயது மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தவள் கதிரையிலேயே நித்திரையாகிப் போனாள். பிள்ளை சோற்றுக் கோப்பையை இழுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். ஆறின சோறு. பிள்ளைக்கு ஒன்றுமில்லை.

மாமிக்குத்தான் பொறுக்கவில்லை.

"மாதிரிச் சோதினையில ரெண்டு பாடம் பெயில். வீட்டு வேலையும் அரைகுறை. பிள்ளையையும் ஒழுங்காப் பாக்கேல்லை. எதைத்தான் நீ முழுசாச் செய்யிறாய்?"

நிரோஷினி புருசனைப் பார்த்தாள். துறைமுகத்தில் கப்பல் இழுக்கிற படகில் வேலை செய்கிற பேணாட், தாய்க்கு முன்னால் வாய் திறக்காதவன்.

"கொஞ்ச நாளைக்கு நில்லும் நிரோ. அம்மாவின்ர கோவம் ஆறட்டும்" என்றான்.

அவள் பிறந்த வீடு குடாவுக்கு அந்தப் பக்கம், கட்டைபறிச்சானில். அங்கிருந்து விடிய ஆறு மணிக்கு வார்டுக்கு வந்து சேர ஏலாது. வேறு வழியில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேணாட்டின் மோட்டார் சைக்கிளில் ஏறினாள்.

முதல் கிழமை ஏழு நாளும் அழுதாள். அழுது முடிந்த பிறகு செய்வதற்கு வேறு வேலை இருக்கவில்லை. சமைக்க வேண்டாம், தோய்க்க வேண்டாம். புத்தகத்தை எடுத்தாள்.

ஞாயிறு பூசை முடிய, மாதா கோயில் வளவில் பேணாட் பிள்ளையைக் கொண்டுவந்து கொடுப்பான். அரை மணித்தியாலம். அதற்குள் மாமி வந்துவிடுவார்.

"பிள்ளைக்கு நித்திரை நேரம். தா."

பிள்ளை தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தும். மாமி விரல் விரலாகக் கழற்றி எடுத்துக்கொண்டு போவார். பார்க்கிற பெண்களுக்குக் கண் கலங்கும்.

"சீலாவுக்கு நெஞ்சில ஈரமே இல்லை" என்று மாமியைப் பற்றிச் சொன்னார்கள். "படிக்கிற பிள்ளையைத் துரத்திப்போட்டு, தாயையும் பிள்ளையையும் பிரிச்சு வச்சிருக்கிறா."

நாலாம் கிழமை, பேணாட்டின் அக்கா லோஜினியே புட்டும் மீன்குழம்பும் கட்டிக்கொண்டு ஹொஸ்டலுக்கு வந்துவிட்டாள்.

நிரோஷினியால் நம்ப முடியவில்லை. போன நத்தாருக்கு, வீடு நிறையச் சனம் இருக்க, "பெத்த பிள்ளையை விட்டிட்டு ஆரின்ரையோ புண்ணுக்கு மருந்து கட்டப் போறா" என்று சொன்னவள் இந்த லோஜினிதான்.

"எங்கட அம்மா செஞ்சது அநியாயம்" என்றாள் லோஜினி. "நீ ஒண்டுக்கும் யோசிக்காத நிரோ. பாஸ் பண்ணி அவவின்ர முகத்தில கரியைப் பூசு."

"ஓம் மச்சாள்."

அதற்குப் பிறகு அவள் படித்தது, படிப்புக்காக மட்டும் இல்லை.

சோதினை முடிந்தது. அன்றும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. வைராக்கியம். ஒன்பதாம் கிழமை முடிவு வந்தது. எல்லாப் பாடமும் பாஸ்.

அன்று பகலே ஓட்டோ பிடித்துப் போனாள். ஓட்டோவை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு நேராகப் பின்பக்கம் நடந்தாள். மாமி குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பிள்ளை பக்கத்தில் ஒரு சட்டியைத் தட்டிக்கொண்டிருந்தது. தாயைக் கண்டதும் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டது.

"பாஸோ?" என்றார் மாமி, நிமிராமல்.

"பாஸ். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான். என்ர அப்பா வீட்டுக்கு."

"சாப்பிட்டிட்டுப் போ."

அந்த நிதானம்தான் நிரோஷினிக்குக் கோபத்தைக் கிளப்பியது.

"ஊர் முழுக்க உங்களைத்தான் திட்டுது மாமி."

"தெரியும். போன ஞாயிறு கோயிலில நான் இருந்த வாங்கில, என்ர பக்கத்தில ஒருத்தியும் வந்து இருக்கேல்லை."

"உங்களுக்கு வெக்கமா இல்லையா? படிக்கிறதுக்குப் போ எண்டு என்னட்ட மெதுவாச் சொல்லியிருந்தா, நானே போயிருப்பன்தானே? ஏன் ஒழுங்கை பாக்கத் துரத்தினனீங்கள்?"

மாமி கத்தியைக் கீழே வைத்தார்.

"நீயாப் போயிருந்தா, ஒண்டரை வயசுப் பிள்ளையை விட்டிட்டுப் போன தாய் எண்டு என்ர மகளே முதல் ஆளாச் சொல்லியிருப்பாள். அந்தப் பேர் நீ சாகுமட்டும் போகாது. நாளைக்கு இந்தப் பிள்ளையின்ர காதிலயும் விழும்."

வாசலில் ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார். நிரோஷினி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

மாமி மீனைக் கழுவிச் சட்டியில் போட்டார்.

"மாமி துரத்தினவ எண்டா உனக்குப் பாவம் பாப்பினம். கெட்ட பேர் எங்களைப் போல மாமிமாருக்குப் புதுசே?"