பாரமில்லாத லாப்டாப்

“ஒற்றைக் கையால தூக்க ஏலுமோ?” என்று மாமியார் செல்வநாயகி லாப்டாப் கடையில் கேட்டபோது, தர்மினி விலைச்சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை மாமியின் இடுப்பில் இருந்தது.

“வீட்டிலிருந்து சேலை விக்கத்தானே, மாமி. மலிவானதே போதும்.”

“அது அம்மிக்கல்லு மாதிரிக் கிடக்கு. இதைத் தூக்கு.”

தர்மினி தூக்கினாள். மாமியிடம் மறுத்துப் பேசினால் கணவனின் காதுக்குப் போகும்.

அதை வாங்கிய பிறகு, மாமி காரை வீட்டுக்கு விடாமல் ஒனிஹங்கா ரயில் நிலையத்தில் நிறுத்தினார். மகன் பூட்டி வைத்திருந்த அவளுடைய பாஸ்போர்ட்டை லாப்டாப் பைக்குள் வைத்தார்.

“வியாபாரத்தை எங்கயிருந்தும் செய்யலாம். மற்றக் கையில பிள்ளையைத் தூக்க வேணுமெல்லோ. அவன் திரும்பவும் அடிக்க முன்னம் போ, பிள்ளை.”

குழந்தையோடு இறங்கிய தர்மினி கார்க் கதவை விடவில்லை.

“மாமி, உங்களுக்கு அடிச்சால்?”

மாமி கதவை இழுத்துச் சாத்தினார். காரை வீட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு போனார்.