பிச்சிப்பூ

வாஷ்பேசினில் பாலைப் பீய்ச்சிவிட்டுக் குழாயைத் திறந்தாள்.

வெள்ளையாகச் சுழன்று ஓட்டைக்குள் இறங்கியது. பார்க்கக் கூடாது என்று தினமும் நினைப்பாள். தினமும் பார்ப்பாள்.

பள்ளி மணி அடித்தது. மார்பில் துணியை மடித்து வைத்து, ஷாலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏழாம் வகுப்புக்கு ஓடினாள்.

மாலத்தீவில் ஒரு சின்னத் தீவு. எந்தத் தெருவில் நின்றாலும் இரண்டு பக்கமும் கடல் தெரியும். அங்கே ஒரு பள்ளி. அந்தப் பள்ளிக்கு இங்கிலீஷ் டீச்சராக நாகர்கோவிலிலிருந்து அவள்.

விசா வந்தபோது மகள் ஜெனிஷா கைக்குழந்தை. பிள்ளையைக் கூட்டிவர அனுமதி இல்லை. பள்ளி காத்திருக்காது என்றார் ஏஜென்ட். காத்திருக்காதாம்! இப்படி ஒரு வேலைக்காக அவள் எத்தனை வருடம் காத்துக் கிடந்தாள், அதை யார் கேட்டார்கள்?

போனால் பழகிவிடும் என்றார்கள். கணவன், மாமியார், ஏஜென்ட். விமானத்தில் பக்கத்து சீட்டில் இருந்த ஆள்கூட.

பழகித் தொலைத்தது. மழைநீர்த் தொட்டித் தண்ணீர் பழகியது. படகு பழகியது. தெருவில் போனால் சின்னதுகள் "மிஸ், மிஸ்" என்று பின்னாலேயே வருவது பழகியது.

மார்பு மட்டும் பழகவில்லை.

பழகவிட அவளுக்கும் மனமில்லை. ஆண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போகும்வரை பால் வற்றக் கூடாது. அதற்காகத்தான் இந்தப் பீய்ச்சல். போனில் தெரியும் அம்மாவை ஜெனிஷா நாக்கை நீட்டி நக்கிப் பார்க்கிறாள். கண்ணாடி ருசிதான் கிடைக்கும், பாவம். மடியில் போட்டு ஒரு வாய் கொடுத்துவிட்டால் போதும், அம்மா யாரென்று தெரிந்துகொள்வாள். அந்த ஒரு நம்பிக்கையில்தான் பொழுதைத் தள்ளினாள்.

அன்றைய பாடம், அம்மாவைப் பற்றி ஐந்து வாக்கியம். பாடப்புத்தகம் எழுதினவனுக்கு இரக்கமே கிடையாது.

பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து இங்கிலீஷில் சொன்னார்கள். என் அம்மா நல்லவர். என் அம்மா வீட்டில் இருக்கிறார்.

நல்லது, உட்கார், அடுத்து என்றாள். வேறென்ன சொல்வது?

சாயங்காலம் மாமியார் போனில் கூப்பிட்டாள்.

"ஒரு சந்தோஷமான காரியம் மக்களே. பிள்ளை புட்டிப்பாலுக்குப் பழகிட்டா. இப்பம் அழுகையே கிடையாது. நீ இனி வெசனப்படாத. அங்க பிச்சிப்பூ கிடைச்சா மார்புல வச்சுக் கட்டு, பால் தானா வத்திரும். அவ தூங்குதா. முழிச்சதும் வீடியோல காட்டுதேன், என்ன?"

நல்ல மனதோடுதான் சொன்னாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

"சரி மாமி."

கட்டிலில் உட்கார்ந்தாள். ஏசப்பா, இனி யாருக்காக?

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. வற்றட்டும். இன்றோடு எல்லாம் முடியட்டும்.

கீழே குடியிருக்கும் வீட்டுக்காரி ஷாஹிதாவின் முற்றத்தில் ஒரு பிச்சிக்கொடி இருந்தது. போனை ஒரு கையிலும் கிண்ணத்தை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். மொட்டாகப் பார்த்துப் பறித்தாள். பறித்த வேகத்தில் பாதி கீழே விழுந்தது.

வீட்டுக்குள் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

ஷாஹிதாவின் பேரன். அவன் அம்மாவுக்குக் காய்ச்சல் முற்றி, காலையில்தான் படகில் ஏற்றிப் பெரிய தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அப்போதிலிருந்து புட்டியை வாயில் வைத்தாலே துப்புகிறான். கத்திக் கத்திக் குரல் கம்மிவிட்டது.

ஷாஹிதா ஒரு கையில் புட்டியும் தோளில் குழந்தையுமாக வாசலுக்கு வந்தாள். அவள் கண் இவளுடைய ஷாலில் நின்றது.

இவள் குனிந்து பார்த்தாள். ஷால் நனைந்திருந்தது. அழுகைச் சத்தம் கேட்டே சுரந்துவிட்டது. வெட்கங்கெட்ட மார்பு! யார் பிள்ளை என்றுகூடக் கேட்காது.

உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தாள். போனையும் கிண்ணத்தையும் பக்கத்தில் வைத்தாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

குழந்தை அங்கும் இங்கும் முட்டியது. பிறகு பிடித்துக்கொண்டது.

பல் முளைக்காத ஈறு அழுந்தியது. வலித்தது. எத்தனை நாளாயிற்று இப்படி வலித்து!

இப்போது அழுகை வந்தது. வாய்விட்டே அழுதாள். ஷாஹிதா கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் உட்கார்ந்தாள்.

பிஞ்சு விரல்கள் தாலிச் செயினைப் பற்றிக்கொண்டன. மடக் மடக்கென்று முழுங்கும் சத்தம் கேட்டது.

போன் அடித்தது.

திரையில் ஜெனிஷாவின் படம். முழித்துவிட்டாள்.

எடுக்க வேண்டும். ஒரு கையை உருவினால் போதும்.

சத்தத்தில் குழந்தை திடுக்கிட்டு வாயை எடுத்தது. உதடு பிதுங்கியது.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"ஒண்ணுமில்ல மக்களே," என்று அவன் காதில் சொன்னாள். "நீ குடி."