எல்லாரும் கண்ண மூடுங்க

பீரோவில் இல்லை. ஃபிரிட்ஜில் இல்லை. அப்பாவின் தலையணைக்கு அடியிலும் இல்லை.

கனகலட்சுமிக்குக் கை பரபரத்தது. மணி ஆறே கால். எட்டரைக்கு அப்பாவை ஸ்ரீவில்லிபுத்தூர் கண் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். மில்லில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய லீவு. சொட்டு மருந்து பாட்டிலைக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தார் டாக்டர்.

பாட்டில் இருந்தால்தானே!

அப்பா சமுத்திரத்துக்குக் கண்ணில் அழுத்தம். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் கோளாறு இல்லை. "தினம் காலையில ரெண்டு கண்ணுலயும் ஒரு சொட்டு. ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. போன பார்வை திரும்ப வராது" என்று நாலு மாதத்துக்கு முன்னால் டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்.

தேடியதில் கிடைத்ததெல்லாம் வேறு. கிண்ணத்துத் தண்ணீரில் நந்தியாவட்டைப் பூ. ஈரத் துணியில் சுற்றிய பொன்னாங்கண்ணிக் கட்டு. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் அப்பாவின் கோணல்மாணலான எழுத்து: 'கட்டை விரலைப் பார். தூரத்து மரத்தைப் பார். இருபது தடவை. உள்ளங்கையைத் தேய்த்துக் கண்ணைப் பொத்து.'

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. மருந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இந்தக் கூத்தா?

மூன்று மாதமாக அப்பா விடிந்ததும் கிளம்பிப் போவது தங்கபாய் டீச்சரின் இலவசக் கண் பயிற்சி வகுப்புக்கு. பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். போகவர நடப்பது உடம்புக்கு நல்லதுதானே என்று கனகலட்சுமியும் கண்டுகொள்ளவில்லை.

அப்பாவின் செல்லுக்கு அடித்தாள். அது கட்டிலிலேயே கிடந்து அலறியது.

ஸ்கூட்டியை எடுத்தாள். தெருமுனையில் மில் பஸ் குறுக்கே நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. ஹாரனில் வைத்த விரலை அவள் எடுக்கவே இல்லை.

"என்னக்கா, இம்புட்டு அவசரம்?" டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"எங்கப்பாவுக்குக் கண்ணு போயிரும்போல இருக்கு. மொதல்ல வண்டிய எடுங்க!"

வகுப்பு நடக்கும் மைதானத்தில் முப்பது பேர் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தங்கபாய் முன்னால் நின்றார்.

"எல்லாரும் கண்ண மூடுங்க. உள்ளங்கையால நல்லாப் பொத்திக்கிடுங்க. நான் சொல்லுத வரைக்கும் யாரும் தொறக்கக் கூடாது."

பொத்திக்கொண்டார்கள். கடைசி வரிசையில் அப்பா மட்டும் பொத்தவில்லை. தங்கபாய் நேராக அவரிடம் போனார். தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை விரலால் இழுத்து, கைக்குள் இருந்த எதையோ கண்ணில் பிழிந்தார்.

"என்னத்த ஊத்துதீக எங்கப்பா கண்ணுல?"

கனகலட்சுமி போட்ட சத்தத்தில் முப்பது பேரும் கண்ணைத் திறந்து திரும்பினார்கள்.

"பூச்சாறா? தேனா? டாக்டர் குடுத்த மருந்த நிப்பாட்டிட்டு இலை தழைய வச்சு வைத்தியம் பாக்கீகளோ? வயசுல பெரியவுகன்னு பாக்கேன். இல்லன்னா நேரா போலீஸ் ஸ்டேஷன்தான்!"

"கனகு, சும்மா இரு தாயி." அப்பா எழுந்திருக்கப் பார்த்தார்.

"நீங்க பேசாதீக! பார்வை போனா யாரு பாக்கது? நாந்தானே பாக்கணும்?"

முன்வரிசையிலிருந்த வெள்ளத்தாய்க்குப் பொறுக்கவில்லை. "ஏட்டி, மெதுவாப் பேசு. பூவும் கீரையும் கண்ணு அசதிக்குத்தான், டாக்டர் மருந்த யாரும் நிப்பாட்டிராதீங்கன்னு டீச்சர் மொத நாளே சொல்லிட்டாக."

அதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை. தங்கபாயின் விரல்களைப் பிரித்து, உள்ளே இருந்ததைப் பிடுங்கினாள்.

சின்ன பிளாஸ்டிக் பாட்டில். டாக்டர் எழுதிக் கொடுத்த அதே மருந்து. மெடிக்கல் கடைக்காரர் ஒட்டிய சீட்டில் போன வாரத் தேதி.

அவள் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு பாட்டில். அதுவும் நாலு மாதத்துக்கு முன்னால். ஒரு பாட்டில் ஒரு மாதம்தான் வரும் என்பது இப்போதுதான் உறைத்தது.

"இது... இது எப்படி உங்ககிட்ட?"

தங்கபாய் அவளைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "அண்ணாச்சிக்குக் கை நடுங்குதும்மா. அவரா விட்டா அம்புட்டும் கன்னத்துல வடிஞ்சிருது. மாசாமாசம் பென்ஷன்ல வாங்கி எங்கிட்டக் குடுத்துருதாரு. தறி ஓட்டுன கை இப்படி ஆனது ஊருக்குத் தெரிய வேண்டாம்னாரு. அதான் எல்லாரையும் கண்ணப் பொத்தச் சொல்லிட்டு விடுதேன். ஒரு நாளு தவறல."

இப்போது ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா தன் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்தபடி மெல்ல நடந்து வந்தார்.

கனகலட்சுமிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவமானமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லப்பா? வீட்டுல நான் ஒருத்தி இருக்கேன்ல?"

"கேட்டேனே தாயி. மொத மாசம் பூராவும் தெனம் காலையில பாட்டிலும் கையுமா ஒன் முன்னால வந்து நின்னேன். 'செத்த இருங்கப்பா'ன்னு சொன்னே." அப்பாவின் குரலில் குறை இல்லை. "இருந்து பாத்துட்டுத்தான் இங்க வந்தேன்."